இரட்டை டோன் பேஜிங்கை டீகோட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் சிற்றூர்ப் பக்கம் வீடு வாங்கிக் குடியேறி, ஒரு ரேடியோ ஸ்கேனரோ, கணினியில் செருகி ரேடியோ கேட்கும் யூஎஸ்பி டாங்கிளோ வாங்கி வைத்துக்கொண்டு தீயணைப்புச் சேனலைக் கேட்க ஆரம்பிக்கிற நம் ஆட்கள் எல்லோரும் கொஞ்ச நாளில் ஒரே மாதிரியான சந்தேகங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் இங்கே சேர்த்து வைக்கிறேன். எல்லாம் அமெரிக்க நடைமுறையை வைத்துத்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஆள் பேசறதுக்கு முன்னாடி ரெண்டு நீளமான விசில் வருதே, அது என்ன?

அது ஒரு அழைப்பு எண். ஒவ்வொரு விசிலும் ஒரு டோன், அதன் அதிர்வெண்ணை அளந்து யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் டீகோட். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் தன்னார்வலர்கள். நிலையத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அல்லது வேறு வேலையில் இருப்பார்கள். மாவட்டம் முழுவதுக்கும் ஒரே சேனல் என்றால் மற்ற ஊர்களின் பேச்சையெல்லாம் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டு யாராலும் படுக்க முடியாது. அதனால் இடுப்பில் மாட்டும் பேஜர் எப்போதும் சேனலைக் கேட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் ஊமையாக இருக்கும். தன் இரண்டு டோன்களும் சரியான வரிசையில் வந்தால் மட்டும் அலறி, ஸ்பீக்கரைத் திறந்துவிடும். அதற்குப் பிறகு கட்டுப்பாட்டு அறையிலிருந்து டிஸ்பாட்சர் சொல்லும் முகவரி அந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும் கேட்கும்.

முதல் டோன் ஒரு விநாடி, இரண்டாவது டோன் மூன்று விநாடி. மோட்டோரோலாவின் 'குவிக் கால் 2' முறையில் இதுதான் வழக்கமான கணக்கு, மினிட்டார் பேஜர்களெல்லாம் இதை வைத்துத்தான் ஓடின. இந்த ஒன்று-மூன்று என்கிற நேரக் கணக்கை மறக்காதீர்கள். கீழே பாதிக் கேள்விகளுக்கு அதுதான் பதில்.

வெறும் ரெண்டு டோனை வச்சு எத்தனை பேரைக் கூப்பிட முடியும்?

டோன்கள் பத்துப் பத்தாகக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஒரே குழுவிலிருந்து இரண்டையும் எடுத்தால் 10 × 10 = 100. அதில் ஒரே டோன் இரண்டு முறை வரும் பத்தைக் கழித்தால் 90. இரண்டு, மூன்று குழுக்களைக் கலந்தால் பல நூறு. ஒரு மாவட்டத்தின் நிலையங்கள், ஆம்புலன்ஸ் குழுக்கள், அதிகாரிகள் எல்லோருக்கும் இது தாராளம்.

டிடிஎம்எஃப் மாதிரிதானே? இல்ல போக்சாக்கா?

இரண்டும் இல்லை. போன் பட்டனை அழுத்தும்போது வரும் டிடிஎம்எஃப்-பில் இரண்டு டோன்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும். இங்கே ஒன்று முடிந்து மற்றொன்று. போக்சாக் என்பது டிஜிட்டல். 512, 1200, 2400 பிட் வேகத்தில் கரகரவென்று ஓடும், எழுத்துச் செய்தி கொண்டுவரும். இரட்டை டோனில் செய்தி எதுவும் இல்லை, யாரை எழுப்புவது என்பது மட்டும்தான் இருக்கிறது. செய்தி பின்னால் வரும் மனிதக் குரலில்.

ஜெர்மனியில் தீயணைப்புக்குப் பயன்பட்ட ஐந்து டோன் முறையையும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது ஒவ்வொரு டோனும் வெறும் 70 மில்லி விநாடி, ஐந்தும் சேர்ந்தே அரை விநாடிக்குள் முடிந்துவிடும். அதற்கென்று எழுதிய டீகோடரை இங்கே ஓட்டினால் ஒன்றும் கிடைக்காது.

ஜெர்மன்காரன் அரை செகண்டில் முடிக்கிறான், இவங்க ஏன் நாலு செகண்ட் ஊதறாங்க?

ஆரம்ப காலப் பேஜர்களுக்குள் கணக்குப் போடும் சிப் எதுவும் கிடையாது. மெல்லிய உலோகத் தகடு ஒன்று, அதாவது ரீட், ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் அதிரும்படி செதுக்கப்பட்டிருக்கும். மோட்டோரோலா அதற்கு வைப்ராஸ்பாண்டர் என்று பெயர் வைத்திருந்தது. ஊஞ்சலைத் தள்ளிவிடுவது போலத்தான் அது: சரியான தாளத்தில் தொடர்ந்து தள்ளினால்தான் ஆட்டம் மெல்ல மெல்லக் கூடும். அதிர்வெண்ணில் எவ்வளவு கறாராக இருக்கிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் ரீட் அசையத் தொடங்கும். அதனால் டோன் நீளமாக இருந்தாக வேண்டும். பேஜரின் எண்ணை மாற்றுவது என்றால் திறந்து ரீட்டையே மாற்ற வேண்டும்.

அந்தத் தகடுகள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, நேரம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. டீகோட் செய்பவருக்கு இது பெரிய வரம். ஒரு டோன் ஒரு விநாடி முழுக்க அசையாமல் நின்றால் அதை ஒரு ஹெர்ட்ஸ் வரை பிரித்து அளக்கலாம், இரைச்சலுக்குள் பாதி அமுங்கிப் போயிருந்தாலும்கூட.

எல்லா ஊருக்கும் ஒரே டோன் பட்டியலா?

இல்லை. பரவலாக வருவது மோட்டோரோலாவின் பட்டியல். அதன் முதல் குழு, ஹெர்ட்ஸில், இது: 330.5, 349.0, 368.5, 389.0, 410.8, 433.7, 457.9, 483.5, 510.5, 539.0. இரண்டாவது குழு அங்கிருந்து தொடர்கிறது: 569.1, 600.9, 634.5, 669.9, 707.3, 746.8, 788.5, 832.5, 879.0, 928.1. ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் 5.6 சதவீதம் கூடுதல், அதாவது பெருக்குத் தொடர். நாலாவது, ஐந்தாவது குழுக்கள் இவற்றின் இடைவெளிகளில் போய் உட்கார்கின்றன. 349.0-க்கும் 368.5-க்கும் நடுவில் 358.6 வரும்.

ஜெனரல் எலக்ட்ரிக்கின் 'டைப் 99' வேறு மாதிரி. 517.5 முதல் 967.5 வரை 15 ஹெர்ட்ஸ் இடைவெளியில் நேராக அடுக்கியது. இவை போக நெப்ராஸ்காவில் ஓவர்டன் என்ற சிற்றூரிலிருந்து வந்த ப்ளெக்ட்ரான் வீட்டு ரிசீவர்களுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. ஒரே மாவட்டத்தில் பழைய ஊர் ஒன்று ஜெனரல் எலக்ட்ரிக் டோனிலும் பக்கத்து ஊர் மோட்டோரோலா டோனிலும் இருப்பது சாதாரணம், ஏனென்றால் பேஜரை வாங்கியது அந்தந்த ஊர்.

ஆரம்பிக்க என்ன வாங்கணும்?

ஆர்டிஎல் வகை யூஎஸ்பி டாங்கிள் ஒன்று போதும். உள்ளூர்த் தீயணைப்புச் சேனல் பெரும்பாலும் 154 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். சில ஊர்களில் 33, 46 மெகாஹெர்ட்ஸ், சில ஊர்களில் 450-க்கு மேல். மென்பொருளில் நேரோ எஃப்.எம். போட்டுக் கேட்டால் சரி. அளப்பதற்கு ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருள், தானாகக் கண்டுபிடித்துப் பதிவு செய்ய டூடோன்டிடெக்ட் போன்ற இலவச மென்பொருள். யூனிடன் ஸ்கேனர் சிலவற்றில் 'ஃபயர் டோன் அவுட்' என்று ஒரு வசதி உண்டு, அதில் டோன் இடத்தில் பூஜ்யம் வைத்தால் வருகிற டோனைத் திரையிலேயே காட்டும். அது இருந்தால் பாதி வேலை மிச்சம்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஸ்கேனரைப் பல சேனல்களில் சுற்றவிடாதீர்கள், ஒரே சேனலில் நிறுத்துங்கள். சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்கேனர் அந்தச் சேனலுக்குத் திரும்பி வருவதற்குள் ஒரு விநாடி முதல் டோன் முடிந்தே போயிருக்கும். "எனக்கு எப்பவும் ரெண்டாவது டோன் மட்டும்தான் கேக்குது" என்பவர்களுக்கு அநேகமாக இதுதான் காரணம்.

ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் பாத்தா ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் வருதே?

எத்தனை சாம்பிள் எடுத்து எஃப்எஃப்டி, அதாவது ஒலியை அதிர்வெண் கட்டங்களாகப் பிரிக்கும் கணக்கு, போடுகிறீர்கள் என்று பாருங்கள். 44100 ஹெர்ட்ஸில் பதிவு செய்துவிட்டு அளவை 4096-ல் வைத்திருந்தால், அது வெறும் 0.093 விநாடி ஒலி. ஒவ்வொரு கட்டத்தின் அகலம் 10.8 ஹெர்ட்ஸ். 349.0-க்கும் 358.6-க்கும் உள்ள வித்தியாசமே 9.6 தான், இரண்டும் ஒரே கட்டத்தில் விழுந்துவிடலாம். கட்டங்களுக்கு நடுவே உச்சியை ஊகித்துச் சொல்லும் வசதி இருந்தாலும், இரைச்சல் இருந்தால் அந்த ஊகம் ஆடும்.

அளவை 32768 ஆக்குங்கள். 0.74 விநாடி, கட்டம் 1.35 ஹெர்ட்ஸ். முதல் டோனுக்குள் இது அடங்கும். அதற்கு மேல் போனால் ஒரு விநாடியைத் தாண்டி இரண்டாவது டோனும் உள்ளே வந்துவிடும், அப்போது இரண்டு உச்சிகள் தெரியும். தேர்வு செய்யும்போது டோனின் தொடக்கத்தில் கொஞ்சம் விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுங்கள். இரைச்சலை அடக்கும் ஸ்கெல்ச் திறப்பது, ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர் எழுந்திருப்பது எல்லாம் அந்தத் தொடக்கத்தில்தான் நடக்கும், அலை அங்கே சுத்தமாக இருக்காது.

எனக்கு 706.9, 569.6 வந்தது. பட்டியல்ல அது இல்லையே?

அது 707.3, 569.1. அரை ஹெர்ட்ஸ் தள்ளி வருவது இயல்பு, பட்டியலில் பக்கத்து டோன் 688.3-லும் 726.8-லும் இருக்கிறது, அவ்வளவு தூரம் யாரும் தவற மாட்டார்கள். எல்லாக் குழுக்களையும் சேர்த்து வைத்தால்கூட மோட்டோரோலா டோன்களுக்கு இடையே பெரும்பாலும் 2.7 சதவீத இடைவெளி கிடைக்கும்.

சிக்கல் வருவது இரண்டு நிறுவனப் பட்டியல்களையும் ஒன்றாகப் பார்க்கும்போது. 832.5 இரண்டு பட்டியலிலுமே இருக்கிறது. மோட்டோரோலாவில் 651.9, ஜெனரல் எலக்ட்ரிக்கில் 652.5. மோட்டோரோலாவில் 788.5, அதில் 787.5. ஒற்றை டோனை மட்டும் வைத்துக்கொண்டு இது யாருடையது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள், ஜோடியாகப் பாருங்கள். 651.9-ஓடு 707.3 வந்தால் மோட்டோரோலா, 697.5 வந்தால் மற்றது. பேஜர் நல்ல வேளையாக இதையெல்லாம் பார்ப்பதில்லை, அரை ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில் அது திறந்துவிடும்.

டாங்கிள் 50 பிபிஎம் தள்ளி நிக்குது. டோனும் தள்ளிடுமா?

தள்ளாது. பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 154 மெகாஹெர்ட்ஸில் 50 பிபிஎம் என்றால் 7.7 கிலோஹெர்ட்ஸ், சேனலை விட்டே வெளியே போய்விடுவீர்கள், அதனால் அதைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் எஃப்.எம்.-மில் ட்யூனிங் தவறினால் ஒலி சிதையும், கரகரக்கும், சுருதி மாறாது. சாம்பிள் கடிகாரத்தின் அதே 50 பிபிஎம் பிழை 700 ஹெர்ட்ஸ் டோனில் 0.035 ஹெர்ட்ஸ் மட்டுமே. அது யார் கண்ணுக்கும் தெரியாது.

நானே பைத்தானில் டீகோடர் எழுதறேன். எங்கே ஆரம்பிக்கறது?

எஃப்எஃப்டி வேண்டாம், கெர்ட்செல் போதும். கெர்ட்செல் 1958-இல் வெளியிட்ட அந்த முறை, கேட்ட ஓர் அதிர்வெண்ணில் மட்டும் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று சொல்லும். உங்கள் பட்டியலில் இருபது முப்பது டோன்தான் இருக்கப் போகிறது. கால் விநாடி ஒலியை எடுத்து ஒவ்வொரு டோனுக்கும் கெர்ட்செல் ஓட்டுங்கள், பிறகு பத்தில் ஒரு பங்கு விநாடி நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள். டோனின் ஆற்றலை மொத்த ஒலியின் ஆற்றலோடு ஒப்பிட்டு விகிதமாக வைத்துக்கொள்ளுங்கள். தனி எண்ணாக வரம்பு வைத்தால் ஒரு நாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. 2013 ஜனவரி 1-க்குள் அமெரிக்காவில் 154, 450 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துச் சேனல்களை 25-லிருந்து 12.5 கிலோஹெர்ட்ஸுக்குக் குறுக்கினார்கள். அகலமான வடிகட்டியிலேயே கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒலி பாதியாகத்தான் வரும், விகிதமாக வைத்திருந்தால் அது பாதிக்காது.

அப்புறம் நேரம். முதல் டோன் குறைந்தது 0.6 விநாடி நிற்க வேண்டும், அரை விநாடிக்குள் இரண்டாவது தொடங்க வேண்டும், அது இரண்டு விநாடியாவது நிற்க வேண்டும். இவை நான் பயன்படுத்தும் எண்கள், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். "பேசறதையே டோன்னு பிடிச்சுக்குது" என்று குறைப்பட்டவர்களின் கோடில் பெரும்பாலும் நேர நிபந்தனை கிடையாது. மனிதக் குரல் ஒரே சுருதியில் இரண்டு விநாடி அசையாமல் நிற்பது அபூர்வம், டோன் அப்படித்தான் நிற்கும்.

டோன் பட்டியல் எண்ணிலிருந்து தள்ளி வந்தா, எத்தனை சதவீதம் விட்டுக்கொடுக்கலாம்?

மோட்டோரோலா பட்டியல் மட்டும் என்றால் ஒரு சதவீதம் இருபுறமும் வைக்கலாம், 2.7-இல் பாதி 1.35, அதற்குள் அடங்கும். டைப் 99-க்கு அது ஒத்துவராது. 967.5-இல் ஒரு சதவீதம் 9.7 ஹெர்ட்ஸ், அங்கே அடுத்த டோனுக்கு நடுக்கோடே 7.5-இல் வந்துவிடுகிறது. அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு ஹெர்ட்ஸிலேயே ஆறு, ஏழு என்று வையுங்கள்.

ஒரே சமயத்தில் நாலு ஊரைக் கூப்பிட்டா என் டீகோடர் இல்லாத ஊரையெல்லாம் சொல்லுது.

பெரிய தீ என்றால் டிஸ்பாட்சர் ஜோடிகளை வரிசையாக அனுப்பிவிட்டுக் கடைசியில்தான் பேசுவார். உங்கள் நிரல் முதல் ஊரின் இரண்டாவது டோனையும் அடுத்த ஊரின் முதல் டோனையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு ஜோடி பிடித்துக்கொள்கிறது. மேலே சொன்ன நேரக் கணக்கே இதையும் தீர்க்கும். மூன்று விநாடி நின்றது முதல் டோனாக இருக்க முடியாது, ஒரு விநாடி நின்றது இரண்டாவதாக இருக்க முடியாது. முதல் டோனுக்கு மேல்வரம்பும் வையுங்கள், 1.5 விநாடி என்று.

சில சமயம் ஒரே டோன் எட்டு செகண்ட் வருது, டிரான்ஸ்மிட்டர் மாட்டிக்கிச்சா?

இல்லை, அது குழு அழைப்பு. ஒற்றை நீள டோன், வழக்கமாக எட்டு விநாடி. அந்த டோனைத் தங்கள் இரண்டாவது டோனாக வைத்திருக்கும் பேஜர்கள் அதற்கென்று அமைக்கப்பட்டிருந்தால் மொத்தமாகத் திறக்கும். புயல் எச்சரிக்கை, எல்லோருக்குமான அறிவிப்பு போன்றவற்றுக்கு உதவும். நிரலில் இதைத் தனிக் கிளையாக எழுதுங்கள், முதல் டோனைத் தேடிக்கொண்டே இருந்தால் இது நழுவிப்போகும்.

மத்த டோன் எல்லாம் கிடைக்குது, 288.5 மட்டும் ரொம்ப மெல்லிசா வருது.

ரேடியோவின் வேலைதான். 67 முதல் 254.1 ஹெர்ட்ஸ் வரை காதுக்குக் கேட்காமல் பின்னணியில் ஓடும் சிடிசிஎஸ்எஸ் டோன்களை ஸ்பீக்கருக்குப் போகவிடாமல் 300 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வெட்டுகிறார்கள். 288.5, 296.5 இரண்டும் அந்த வெட்டின் விளிம்பில் மாட்டிக்கொள்கின்றன. டாங்கிளில் கேட்பவர்கள் மென்பொருளில் அந்த வடிகட்டியை நிறுத்திவிட்டால் போதும். ஸ்கேனர்காரர்கள், வடிகட்டிக்கு முந்தைய ஒலியைத் தரும் டிஸ்கிரிமினேட்டர் வெளியீடு இருந்தால் அங்கிருந்து எடுக்கலாம்.

எங்க மாவட்டம் பி25 டிஜிட்டலுக்கு மாறிடுச்சு. அதிலும் டோன் கேக்குதே, அதை அளக்கலாமா?

நம்பி அளக்காதீர்கள். பி25 என்பது டிஜிட்டல் ரேடியோ முறை. அதில் குரலைச் சுருக்கும் வோகோடர் ஒலியை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் மனிதக் குரலாகப் பாவித்து, அந்த அச்சில் மறுபடி வார்த்துத் தருகிறது. சுத்தமான ஒற்றை டோன் அதற்குள் போனால் நடுங்கிக்கொண்டே வெளியே வரும், சுருதியும் கொஞ்சம் இடம் மாறலாம். பேச்செல்லாம் டிஜிட்டலுக்குப் போன பிறகும் பல மாவட்டங்கள் பேஜிங்குக்கு மட்டும் பழைய அனலாக் சேனலை வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம். அந்தச் சேனலைத் தேடிப் பிடித்து அங்கே அளங்கள்.

செல்போன் செயலி வந்த பிறகும் இதை விடாமல் வைத்திருப்பதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரே ஒலிபரப்பு, அத்தனை பேஜருக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேர்கிறது. நடுவில் இணையம் கிடையாது, செல் கோபுரம் கிடையாது. புயலில் மின்சாரம் போகும் ராத்திரிதான் இந்த ஊர்களுக்குத் தீயணைப்பு வண்டி அதிகம் தேவைப்படுகிறது.

இதெல்லாம் சட்டப்படி சரியா? சென்னையில் இருக்கற தம்பியும் கேக்கறான்.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், மறையாக்கம் செய்யாமல் பொதுவில் எளிதாகக் கிடைக்கும் தீயணைப்பு, போலீஸ் ரேடியோவைக் கேட்பதற்கு இடம் கொடுக்கிறது. வண்டியில் ஸ்கேனர் வைப்பதற்கு நியூயார்க், இண்டியானா போன்ற சில மாநிலங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு, உங்கள் மாநிலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நோயாளியின் முகவரி, நிலைமை எல்லாம் காதில் விழும். அதைப் பதிவு செய்து பொதுவில் போடாதீர்கள், தயவுசெய்து.

டோனை உருவாக்கி ரேடியோவில் அனுப்பிப் பார்ப்பது மட்டும் எந்தச் சூழலிலும் கூடாது. குற்றம் என்பது ஒரு பக்கம், நீங்கள் எழுப்பிவிடுவது ஓட்டமாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் உண்மையான ஆட்களை. பழக வேண்டுமென்றால் ஆடாசிட்டியிலேயே 707.3 ஒரு விநாடி, 569.1 மூன்று விநாடி உருவாக்கி, மேலே இரைச்சல் கலந்து, உங்கள் நிரலுக்குக் கொடுங்கள். சென்னைத் தம்பிக்கும் இதுதான் வழி. இந்தியாவில் ரேடியோக் கருவிக்கும் பிறர் தகவலை இடைமறிப்பதற்கும் உள்ள சட்டம் வேறு, அமெரிக்க விதியை அங்கே கொண்டுபோக முடியாது.

பழைய கேசட்ல 80-கள்ல பதிவு செஞ்ச டிஸ்பாட்ச் இருக்கு. எந்த எண்ணும் பட்டியலோட ஒட்டலை. என்ன செய்யலாம்?

டேப்பின் வேகம் மாறியிருக்கிறது. ஒரு சதவீதம் வேகம் கூடினாலே 707.3 என்பது 714.4 ஆகிவிடும். வேகம் எவ்வளவு மாறினாலும் இரண்டு டோன்களின் விகிதம் மாறாது என்பதால், விகிதத்தைப் பார்த்தால் ஜோடி கிடைத்துவிடும் என்று தோன்றும். மோட்டோரோலா பட்டியலில் அது பாதி வழிதான். மேலே சொன்னது போல அது பெருக்குத் தொடர், 707.3-ஐ 569.1-ஆல் வகுத்தாலும் 669.9-ஐ 539.0-ஆல் வகுத்தாலும் 1.243 தான் வரும். நாலு படி இறங்கியிருக்கிறது என்று தெரியும், எந்தப் படியிலிருந்து என்று தெரியாது.

ஒரே டேப்பில் பல அழைப்புகள் இருந்தால், எல்லாவற்றையும் அளந்து, ஒரே ஒரு எண்ணால் பெருக்கினால் அத்தனையும் பட்டியலில் விழுகிறதா என்று பாருங்கள். வேகப் பிழை ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் ஒரு விடைதான் மிஞ்சும். இன்னும் உறுதியாக வேண்டுமா, பதிவின் அடியில் ஓடும் மின்சார ஹம்மை, அதாவது மெல்லிய உறுமலைத் தேடுங்கள். அமெரிக்காவில் பதிவானது என்றால் அது 60 ஹெர்ட்ஸாக இருந்திருக்க வேண்டும். இப்போது 61 காட்டினால் டேப் 1.67 சதவீதம் வேகமாக ஓடுகிறது, எல்லா அளவையும் 1.0167-ஆல் வகுத்துவிடுங்கள். ஆனால் நீங்கள் கேசட்டை ஓட்டும் டெக்கும் தன் பங்குக்கு ஹம் சேர்க்கும், அமெரிக்காவில் ஓட்டினால் அது சரியாக 60-இல் வந்து நின்று, டேப்பில் வேகப் பிழையே இல்லை என்று நம்ப வைத்துவிடும். அதே கேசட்டை இந்தியாவுக்குக் கொண்டுபோய் ஓட்டினால் டெக்கின் ஹம் 50-இல் வரும், பழைய 60 தனியாகத் தெரியும்.